சீனாவில் இடம் பிடிக்க ஓடிய நாள்

பாறசாலையில் குடியிருப்பவர்களுக்கு பஸ் ஏறத் தெரிந்தால் போதாது, பஸ் மாறவும் தெரியவேண்டும். நாகர்கோவிலுக்கு நேர் பஸ் உண்டு. ஆனால் நமக்கு அவசரம் இருக்கும் நாளில் அது வராது. கேரளா பஸ்ஸில் களியக்காவிளை வரை போய் இறங்கி, எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கம் உறுமிக்கொண்டு நிற்கும் தமிழ்நாட்டு பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். இறங்கிய கூட்டம் முழுவதும் அந்த ஒரே பஸ்ஸுக்குத்தான் ஓடும். வீட்டுக்கு ஒருவர் முன்னால் ஓடிப்போய் சீட்டில் கைக்குட்டையைப் போடவேண்டும். மற்றவர்கள் மூட்டை முடிச்சோடு பின்னால் வருவார்கள். எங்கள் வீட்டில் ஓடுகிறவள் நான். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த காலம் முழுவதும் காலையும் மாலையும் பஸ்ஸோடு மல்லுக்கட்டியவள். ஜன்னல் வழியாக இடம் பிடிப்பதில் என்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

இந்தச் சாமர்த்தியம்தான் சீனாவில் என் வீட்டுக்காரரின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

எங்கள் மகள் சீனாவில், ஹுனான் மாகாணத்தில் டாக்டருக்குப் படித்தாள். இப்போது அங்கேயே ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். படிக்கப் போன முதல் வருடம், சீனப் புத்தாண்டு லீவுக்கு, கூடப் படித்த ஒரு பெண்ணின் ஊருக்கு ஓரிரு நாள் தங்கப் போனாள். போன இடத்தில் கொரோனா வந்து ரோட்டையெல்லாம் அடைத்துவிட்டார்கள். வாரக்கணக்கில் அந்தச் சின்ன ஊரில், தோழி வீட்டில், முன்பின் தெரியாத ஒரு தாயின் கையால் சாப்பிட்டுத்தான் என் பிள்ளை உயிரோடு இருந்தாள். நான் இங்கே டி.வி. முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா அங்கே அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவை ஒருநாள் நேரில் கண்டு கையைப் பிடித்து நன்றி சொல்லவேண்டும் என்று அப்போதே ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணியிருந்தேன். மறுபடியும் விசா கொடுக்கத் தொடங்கி, அவள் ஹவுஸ் சர்ஜனும் ஆனதும் கிளம்பிவிட்டோம்.

கிளம்பியது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரரைக் கிளப்புவது லேசான காரியமில்லை. தபாலாபீஸில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவர். அவசரம் என்பது அவர் அகராதியில் இல்லாத சொல். முட்டுவலி உண்டு, சர்க்கரை உண்டு. காலையிலும் மாலையிலும் இன்சுலின் போடுகிறவர். புறப்படுவதற்கு முன்பே மகள் போனில் என்னிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"அம்மா, ஊசி போட்டா ஒடனே சாப்பிட வையுங்க. சர்க்கரை கூடினா நாளைக்குப் பாக்கலாம். தாழ்ந்தா இப்பமே பாக்கணும். வேர்க்கும், கை நடுங்கும், புத்தி பேதலிச்ச மாதிரி பேசுவாங்க. அப்பிடியே விட்டா ஆளு தங்காது. வெளையாட்டு இல்ல, கேட்டியளா?"

கேட்டுக்கொண்டேன். ஊசிப் பேனா, குளுக்கோஸ் பொடி, பிஸ்கட் எல்லாவற்றையும் என் தோள்பையில் வைத்து, அந்தப் பையைக் குளிக்கப் போகும்போதுகூடக் கண்பார்வையில் வைத்துக்கொண்டேன். பாஸ்போர்ட்டும் அதில்தான். அங்கே வேலை செய்கிற சிம் போட்ட ஒரே போனும் அதில்தான். அவர் சட்டைப் பையில் ஒரு சீப்பும், இந்தியாவில் மட்டும் மணி அடிக்கிற ஒரு போனும் இருந்தன.

அன்று காலையில், அந்த அம்மாவின் ஊருக்கு பஸ் ஏற்ற, மகள் எங்களை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடிவிட்டாள். ஆபரேஷன் தியேட்டரில் நிற்பதால் மத்தியானம் வரை போன் எடுக்க முடியாது என்று சொல்லியிருந்தாள். இறங்கவேண்டிய இடத்தில் அந்த அம்மாவே வந்து நிற்பாராம். பயப்பட ஒன்றும் இல்லையாம். ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அரிசி நூடுல்ஸ் சொல்லிவிட்டு அவர் ஊசியைப் போட்டுக்கொண்டார். கிண்ணம் வந்தது. மேலே மிளகாய் எண்ணெய் சிவக்கச் சிவக்க மிதந்தது. இரண்டு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். அதற்குள் பஸ் கிளம்பும் சத்தம். "வாங்க, பஸ்ஸுல பிஸ்கட் தின்னலாம்" என்று இழுத்துக்கொண்டு போனேன். சீட்டில் சாய்ந்ததும் தூங்கிவிட்டார். முந்தின நாள் பயண அலுப்பு. பாவம், கொஞ்சம் கண்ணயரட்டும், அடுத்த நிறுத்தத்தில் எழுப்பலாம் என்று விட்டேன்.

விட்டேனே ஒழிய நிம்மதியாக இருக்கவில்லை. அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வயல். நம் அதியன்னூர்ப் பக்கம் போலச் செம்மண் மேடு, மூங்கில், இடையில் குளம். ஆனால் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. கடைப் பலகை ஒன்றைக்கூட வாசிக்க முடியவில்லை. நம் ஊரில் இரண்டு பாஷையிலும் எழுதியிருக்கும் பலகைகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஒரு பலகைகூட என்னிடம் பேசாத ரோட்டில் போவது அதுவே முதல் தடவை.

ஒரு சின்ன ஊரின் முனையில் பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே பெரிய வளைவு, அதில் சிவப்பு எழுத்து. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஏதோ சொன்னார். எல்லோரும் இறங்கினார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் வேறொரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. எங்கள் பஸ்ஸில் இருந்து இறங்கிய இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி ஓடினார்கள்.

எனக்கு வேறு என்ன தோன்றும்? எல்லை! ஜில்லா மாறுகிறது, இந்த வண்டி இதற்கு மேல் போகாது, அந்த வண்டியில் ஏறவேண்டும். களியக்காவிளையேதான்.

"இஞ்ச பாருங்க, எழும்புங்க. பஸ் மாறணும்."

"ஆரு சொன்னா?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"ஆரு சொல்லணும்? எல்லாரும் எறங்கியாச்சு. நான் போய் எடம் பிடிக்கேன். நீங்க பெட்டிய எடுத்துட்டு வாங்க."

"மெதுவாப் போலாம் பிள்ளே."

"நீங்க மெதுவா வாங்க. பஸ்ஸு மெதுவாப் போவாது."

ஓடினேன். அறுபதைத் தொடப்போகிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அப்படி ஓடினேன். நடுவில் இருவர் சீட் ஒன்று காலியாக இருந்தது. ஜன்னலோரம் கைக்குட்டையைப் போட்டேன், இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். எதிர்சீட்டில் இருந்தவர்கள் என்னையும் கைக்குட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பாதி பஸ் காலியாகத்தான் கிடந்தது. அதை அப்போதுதான் கவனித்தேன். கவனித்த அதே நேரத்தில் கதவு புஸ்ஸென்று மூடி வண்டி நகர்ந்தது.

"ஆள் கேறானுண்டே!" என்று கத்தினேன். ஏறவேண்டிய ஆள் இன்னும் கீழே நிற்கிறது என்று நம் ஊர் பஸ்ஸில் ஒரு குரல் கொடுத்தால் கண்டக்டர் மணி அடித்துவிடுவார். இங்கே கண்டக்டரும் இல்லை, மணியும் இல்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் அடித்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து அதட்டினார். பின் கண்ணாடி வழியாக, கக்கூஸுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக எங்கள் பழைய பஸ்ஸில் திரும்பி ஏறுவது தெரிந்தது. கக்கூஸுக்கு நிறுத்தியிருக்கிறார்கள்! அவ்வளவுதான். வளைவுக்குக் கீழே என் வீட்டுக்காரர் பெட்டியோடு நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயில் இல்லை. குளிர்காலம். அவருக்கு வேர்க்கிறது என்று எனக்குப் புரிந்தபோது குளுக்கோஸும் பிஸ்கட்டும் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தன.

போனை எடுத்து, பேசினால் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்தேன். "நிறுத்துங்க, வீட்டுக்காரரு பெறத்தால நிக்காரு" என்றேன். அது விழித்தது. அதற்கு எங்கள் தமிழ் பிடிபடாது. ரேடியோ செய்தி வாசிப்பது போலப் பேசினால்தான் ஏறும் என்று மகள் சொல்லியிருந்தாள். "என் கணவர் பின்னால் நிற்கிறார். தயவுசெய்து பேருந்தை நிறுத்துங்கள்" என்று செய்தி வாசித்தேன். கோர்ட்டில் ஆயுசு முழுவதும் மலையாளத்தில் டைப் அடித்தவள், வீட்டில் பேசும் தமிழை ஒருநாளும் இலக்கணமாகப் பேசாதவள், ஒரு சீன பஸ்ஸில் உயிர் போகிற நேரத்தில் செந்தமிழ் பேசினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அழுகைதான் வந்தது.

பக்கத்துச் சீட்டில் ஒரு கூடை கீரையோடு என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் என் போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். "என் கணவருக்குச் சர்க்கரை குறைந்துகொண்டிருக்கிறது" என்றேன். அவள் பதிலை போன் தமிழில் சொன்னது: "கவலை வேண்டாம். சர்க்கரை எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்."

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு பையைத் திறந்து ஊசிப் பேனாவை எடுத்துக் காட்டி, பின்னால் கையைக் காட்டி, கண்ணை மூடித் தலையைத் தொங்கப்போட்டுக் காண்பித்தேன். அவள் முகம் மாறியது. எழுந்து போய் டிரைவரின் தோளில் ஒரு தட்டு தட்டினாள். அப்புறம் அவள் போட்ட சத்தம் இருக்கிறதே, நம் பாறசாலைச் சந்தையில்கூட நான் கேட்டதில்லை. வண்டி நின்றது. டிரைவர் திருப்பிக்கொண்டு போகமுடியாது என்று கையை விரித்தார். அவள் கூடையோடு என்னுடனே இறங்கிவிட்டாள். எதிரே மின்சார மூன்று சக்கர வண்டியில் உரமூட்டை ஏற்றி வந்த ஒருவரை மறித்தாள். மூட்டைகளுக்கு நடுவில் நாங்கள் இருவரும் ஏறினோம்.

வண்டி போகிற வேகத்துக்கு நான் இறங்கி ஓடியிருக்கலாம் என்று தோன்றியது. மகளுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. அவர் கையில் இருக்கும் பெட்டிக்குள் தின்பண்டம்தான். பலாச்சுளையில் வறுத்த சக்க வற்றல், நேந்திரங்காய் வற்றல், வெல்லம் பூசிய சர்க்கரை உப்பேரி. அந்த அம்மாவுக்காக நானே பொதிந்து டேப் ஒட்டியது. ஒரு பொதியைக் கிழித்து இரண்டு துண்டு உப்பேரி வாயில் போட்டால் போதும். ஆனால் அவர் கிழிக்கமாட்டார். தபாலாபீஸ்காரர், அடுத்தவர் பேருக்கு உள்ள பார்சலைச் செத்தாலும் பிரிக்கமாட்டார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இந்த மனிதனுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன் என்ற பயம்தான் அந்தக் கோபம். கீரைக்காரி என் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள்.

வளைவு வந்தது. பழைய பஸ் போய்விட்டிருந்தது. அவரைக் காணவில்லை. பெட்டியையும் காணவில்லை. பஸ்ஸிலேயே திரும்ப ஏறிப் போயிருந்தால்? ஆள் தெரியாத ஊரில், யாருக்கும் ஒன்றும் புரியாத நிலையில், ஒரு சீட்டில் தூங்குகிறாற்போலச் சாய்ந்து கிடந்தால் யார் எழுப்புவார்கள்? கக்கூஸ் வாசலில் நின்று, "இஞ்ச பாருங்க, எங்க இருக்கிய?" என்று கத்தினேன். ஒரு கடைக்காரப் பெண் வெளியே வந்தாள். போனில் அவர் போட்டோவைக் காட்டினேன். அவள் உடனே தலையை ஆட்டினாள். கால் பின்னக் குடிகாரன் நடப்பது போலத் தள்ளாடி நடந்து காட்டினாள். பிறகு எதிரே, பச்சை நிறத்தில் சிலுவைக்குறி போட்ட ஒரு சின்னக் கட்டடத்தைக் காட்டினாள். எங்கள் சபையில் செயலாளராக இருந்தவர், ஆயுசில் கள்ளை மோந்து பார்க்காதவர், சீனாவில் குடிகாரப் பட்டம் வாங்கிவிட்டார். அது அந்த ஊர் ஆஸ்பத்திரி. பாய்ந்தேன்.

ஒரே அறை. சுவரோரம் நாற்காலிகள். ஒன்றில் அவர் இருந்தார். பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெள்ளைக் கோட் போட்ட டாக்டர் ஒருவர் விரலில் குத்திப் பார்க்கும் கருவியோடு எதிரே குனிந்து நின்றார். என் வீட்டுக்காரர் கையைக் கொடுக்கவே இல்லை போல. பக்கத்தில் ஒரு கோப்பை வெந்நீர் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று ஓடிப்போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனேன். அவர் உள்ளங்கையை அந்த நாற்காலியின்மேல் வைத்து மறைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவிடெ ஆளுண்டு" என்றார். "என்றெ பார்ய இப்போ வரும்."

இங்கே ஆள் இருக்கிறது, என் மனைவி இப்போது வருவாள். மலையாளத்தில், மரியாதையாக, கவுண்டருக்கு வந்த யாரோ ஒரு பெண்ணிடம் சொல்வது போலச் சொன்னார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கடையில் மலையாளம், ஆபீஸில் மலையாளம், வழியில் எதிர்ப்படும் புதுமுகத்திடம் மலையாளம். வீட்டுக்குள் தமிழ். கல்யாணம் ஆன நாள்முதல் அவர் என்னிடம் சண்டையிலும் சரி, கொஞ்சலிலும் சரி, ஒரு வார்த்தை மலையாளம் பேசியது கிடையாது. கண்ணைத் திறந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் எனக்கு மலையாளம் பேசியபோது, என் கண் முன்னாலேயே யாரோ அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தோன்றியது.

குளுக்கோஸ் பொடியை அந்த வெந்நீரில் கொட்டிக் கலக்கினேன். பாதி தரையில் சிந்தியது. "குடியுங்க, நான்தான், இஞ்ச பாருங்க" என்று வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டார். தோளைப் பிடித்தேன், கையைத் தட்டிவிட்டார். யாரோ ஒரு பொம்பளை மேலே விழுந்து பிடிக்கிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். டாக்டர் என் பையில் ஊசிப் பேனாவைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு அலமாரியிலிருந்து டிரிப் பாட்டிலை எடுத்தார். ஆனால் கையைத் தொடவிட்டால்தானே?

அப்போது எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன். முந்தானையைச் சரிசெய்தேன். கோர்ட்டில் கட்சிக்காரர்களிடம் பேசுகிற குரலை எடுத்தேன்.

"ஸாரே," என்றேன் மலையாளத்தில். "பார்ய வரும். வருந்நது வரெ இது குடிச்சோண்டு இரிக்கூ."

மனைவி வருவாள், வருகிறவரை இதைக் குடித்துக்கொண்டு இருங்கள். என் வாயாலேயே சொன்னேன்.

அவர் யோசித்தார். புதுமுகம் மரியாதையாக ஒன்று சொன்னால் தட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. "ஆயிக்கோட்டே" என்று சம்மதித்துக் கோப்பையை வாங்கினார். கை நடுங்கியது. நான் தொடவில்லை. தொட்டால் மறுத்துவிடுவார் என்ற பயம். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. ஒவ்வொரு மடக்கையும் நானே விழுங்குவது போல நின்றேன். கீரைக்காரியும் டாக்டரும் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோப்பை காலியானதும், "நன்னி" என்று சொல்லி என்னிடமே நீட்டினார்.

போன் அடித்தது, மகள். "அம்மா, இப்பம்தான் வெளிய வந்தேன், என்ன இத்தன கால்?" சொன்னேன். அவள் குரல் உடனே டாக்டர் குரலாக மாறியது. போனை அந்த டாக்டரிடம் கொடுக்கச் சொன்னாள், இருவரும் சீனத்தில் பேசினார்கள். பிறகு என்னிடம், "குடிச்சிட்டாங்கல்லா? கொஞ்ச நேரம் பொறுங்க. தெளிஞ்சிரும். அந்த அம்மா ஊர்ல பஸ்ஸ நோக்கிட்டு நிக்காங்க, நான் சொல்லி அங்க வரச் சொல்லுதேன்" என்றாள். "தெளியலேன்னா?" என்று கேட்டேன். "டிரிப்ப ரெடியா வச்சிருக்கச் சொல்லியாச்சு" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை.

பொறுத்தேன். நாற்காலியில் அவர் கை அப்படியே இருந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், மனைவி வருகிறாளா என்று. நான் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். இனி இப்படியே இருந்துவிட்டால்? பாறசாலையில், எங்கள் வீட்டு அடுக்களையில், இந்த மனிதர் எனக்கு மரியாதையாக நன்னி சொல்லிக்கொண்டே மிச்ச நாளைக் கழித்துவிட்டால்? அது சாவைவிடப் பெரிய பயமாக இருந்தது. நான் வாய்விட்டு அழவில்லை. முன்பின் தெரியாத பெண் ஒருத்தி முன்னால் நின்று அழுதால் அவர் சங்கடப்படுவார்.

முதலில் நெற்றி காய்ந்தது. பிறகு பெட்டியைப் பிடித்திருந்த முழங்கால்கள் தளர்ந்தன. வாசலில் இருந்து பார்வை மெல்ல மெல்லத் திரும்பி என் செருப்புக்கு வந்தது, சேலைக்கு வந்தது, முகத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"ஏட்டி," என்றார், "ஒனக்கு என்ன இப்பிடி வேர்க்குது?"

நாற்காலியில் இருந்து கையை எடுத்தார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே அவர் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், அத்தனை பேர் பார்க்க. "விடு பிள்ளே, ஆளுக பாக்காங்க" என்றார். விடவில்லை.